பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு ஜி.என்.எம்-மா, பி.எஸ்சி நர்சிங்கா? (ஆலங்குளம் பக்கம்)

ஆலங்குளத்தான்

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி மகளுக்காகக் கேட்கிறேன். இந்த வருசம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ் வழி. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப். அறிவியல் பாடங்களில் 68 சதவீதம். நீட் எழுதவில்லை. நர்சிங் படிக்க வேண்டும் என்பதில் பிள்ளை உறுதியாக இருக்கிறாள். அம்மாவுக்குப் பீடி சுற்றுகிற வேலை, அப்பா லோடுமேன். கையில் பெரிய காசு கிடையாது.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பள்ளிக்கூட டீச்சர், அரசு ஆஸ்பத்திரி ஸ்கூலில் ஜி.என்.எம் (நர்சிங் பட்டயப் படிப்பு) போடச் சொல்கிறார். ஒரு புரோக்கர் பெங்களூருவில் பி.எஸ்சி சீட், ‘எல்லாம் சேர்த்து பேக்கேஜ்’ என்கிறார். பக்கத்து டவுனில் ஓராண்டு ‘நர்சிங் டிப்ளமா’, முடித்ததும் வேலை என்று தட்டி வைத்திருக்கிறார்கள். ஏ.என்.எம் (துணைச் செவிலியர் படிப்பு) முடித்தால் ஊரிலேயே கிராம நர்ஸ் ஆகிவிடலாம் என்பது அண்டை வீட்டார் கணக்கு. ஜி.என்.எம்மையே நிறுத்தப் போகிறார்கள் என்றும் ஒரு பேச்சு. எதில் சேர்த்தால் பின்னால் வருத்தப்பட வேண்டாம்?

பாளைச்செவிலி

அண்ணாச்சி, முதலில் அந்த ஓராண்டு டிப்ளமாவைத் தள்ளி வையுங்கள். நர்ஸ் என்று சட்டப்படி வேலை பார்க்கத் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு வேண்டும். அந்தப் பதிவு கிடைப்பது மூன்று படிப்புகளுக்குத்தான்: ஏ.என்.எம், ஜி.என்.எம், பி.எஸ்சி நர்சிங். ஓராண்டு, ஆறு மாதம், ‘நர்சிங் அசிஸ்டென்ட்’, ‘ஹெல்த் அசிஸ்டென்ட்’ எல்லாம் உதவியாளர் வேலைக்கான சான்றிதழ்கள். சின்ன ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிள்ளைகளுக்கும் வெள்ளை உடுப்புப் போட்டு ஊசி போட விடுவார்கள். அதனால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. பத்து வருசம் வேலை பார்த்தாலும் அது பதிவாக மாறாது, அந்த அனுபவத்தை வைத்து ஜி.என்.எம்மில் நேரே இரண்டாம் வருசம் சேரவும் முடியாது. தட்டியில் ‘அரசு அங்கீகாரம்’ என்று எழுதியிருந்தால் எந்த அரசு, எதற்கு அங்கீகாரம் என்று கேளுங்கள். சங்கப் பதிவுச் சான்றிதழைக் காட்டி அங்கீகாரம் என்பவர்களும் உண்டு.

ஏ.என்.எம் 2 வருசம். பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் சேரலாம், பெண்களுக்கு மட்டும். தாய் சேய் நலம், தடுப்பூசி, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என்று ஊர்ப்புற சுகாதாரத்துக்காக வடிவமைத்த படிப்பு. கிராம சுகாதார செவிலியர் பணிக்கு இதுதான் வாசல். அந்த வேலை கிடைத்தால் நல்ல வேலை. ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அது வரும்வரை தனியார் ஆஸ்பத்திரியில் ஏ.என்.எம்முக்குச் சம்பளம் மிகக் குறைவு, வெளிநாட்டில் நர்ஸாகப் போகவும் முடியாது. அறிவியல் குரூப்பில் 68 வாங்கிய பிள்ளையை நான் அங்கே அனுப்ப மாட்டேன்.

ஜி.என்.எம் இப்போது 3 வருசம் (முன்னே மூன்றரை), கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். பி.எஸ்சி 4 வருசம், 2021-22 முதல் எட்டு செமஸ்டர். பி.எஸ்சிக்கு அறிவியல் பாடங்களோடு 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி, எஸ்.டி பிரிவினருக்கு 40. டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு இரண்டு கதவும் திறந்துதான் இருக்கின்றன. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பி.எஸ்சி நர்சிங்குக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் கேட்பதில்லை. புதுச்சேரி ஜிப்மர், ராணுவ நர்சிங் கல்லூரிகள் மாதிரி சில இடங்கள் நீட் மதிப்பெண் கேட்கும், அவை இந்த வருசம் உங்களுக்கு இல்லை.

ஜி.என்.எம்மை நிறுத்துவதாக இந்திய செவிலியர் குழுமம் 2019 வாக்கில் அறிவித்தது உண்மை. பிறகு அது தள்ளிப்போடப்பட்டு, சேர்க்கை தொடர்ந்தது. ஏற்கெனவே பதிவு பெற்றவர்களின் பதிவு அதனால் போய்விடாது. அந்தப் பயத்தை மட்டும் வைத்துக் காசு அதிகமான சீட்டுக்கு ஓட வேண்டாம்.

என் யோசனை இதுதான். கலந்தாய்வில் அரசுக் கல்லூரியிலோ தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டிலோ பி.எஸ்சி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். கிடைக்காவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடு உள்ள நர்சிங் ஸ்கூலில் ஜி.என்.எம். ஹைகிரவுண்ட் (பாளையங்கோட்டையிலுள்ள நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) மாதிரி ஆஸ்பத்திரியில் மூன்று வருசம் வார்டில் நிற்கிற பிள்ளை பார்க்கிற பாம்புக்கடி, விஷம் குடித்த கேஸ், தீக்காயம், சிக்கலான பிரசவம் எதையும் நோயாளியே இல்லாத ஆஸ்பத்திரி வைத்திருக்கிற பி.எஸ்சி கல்லூரியில் பார்க்க முடியாது. நிர்வாக ஒதுக்கீட்டில் கடன் வாங்கிச் சேர்கிற அப்படியொரு பி.எஸ்சியைவிட அரசு ஜி.என்.எம் மேல்.

கொக்கிரகுளம்

பாளைச்செவிலி அக்கா சொன்ன கடைசி வரியில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. வருசக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் பணிக்கு நார்செட் என்று 2020 முதல் பொதுத் தேர்வு நடக்கிறது. பி.எஸ்சி முடித்துப் பதிவு செய்தவர் உடனே எழுதலாம். ஜி.என்.எம் படித்தவருக்கு 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் 2 வருச அனுபவம் வேண்டும். ஆக 3 + 2 = 5. பி.எஸ்சிக்கு 4. அந்தப் பணி 7-ஆம் ஊதிய நிலை, தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். இடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு. மேற்படிப்பு வேண்டுமானால் ஜி.என்.எம் முடித்து 2 வருசம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படிக்க வேண்டும், அதுவும் ஐந்து வருசம் ஆகிறது. எம்.எஸ்சி நர்சிங், டீச்சர் வேலை எல்லாம் பட்டத்துக்குப் பிறகுதான். நடுவில் கல்யாணப் பேச்சு வந்தால் நம்ம ஊரில் போஸ்ட் பேசிக் என்பது நடக்காத காரியம்.

மாநில அரசு வேலைக்கு மட்டும் இந்த வித்தியாசம் இல்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி) நடத்துகிற செவிலியர் தேர்வை இருவரும் எழுதலாம், பதவியும் ஒன்றே. முதலில் தொகுப்பூதியம், காலியிடத்தைப் பொறுத்து அப்புறம்தான் காலமுறை ஊதியம். தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். தமிழ் வழிப் பிள்ளைக்கு அது பாரமாக இருக்காது.

பாளைச்செவிலி

கணக்கு சரிதான் தம்பி. ஆனால் எய்ம்ஸ் தேர்வில் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ‘இந்த நோயாளிக்கு முதலில் என்ன செய்வாய்’ என்ற மாதிரி. வார்டில் நிற்காதவருக்கு அது புத்தகத்திலிருந்து வராது. நல்ல ஆஸ்பத்திரி உள்ள பி.எஸ்சியா, சுமாரான ஜி.என்.எம்மா என்றால் நானும் பி.எஸ்சி என்றுதான் சொல்வேன். கல்லூரியைப் பார்க்காமல் பட்டத்தின் பெயரை மட்டும் பார்ப்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

வள்ளியூரான்

எண்ணே, சீட்டுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்கி நேரே போயிப் பாருங்க. ஞாயித்துக்கிழமை போவாதீங்க, வேலை நாள்ல காலைல பத்து மணிக்குப் போங்க. காலேஜ் கட்டடத்த அப்புறம் பாத்துக்கிடலாம், மொதல்ல அவுக சொந்த ஆஸ்பத்திரிக்குள்ள நொழைங்க. பி.எஸ்சி காலேஜுன்னா குறைஞ்சது 100 படுக்கை சொந்த ஆஸ்பத்திரி இருக்கணும்னு விதி. படுக்கைய எண்ணாதீங்க, ஆள் படுத்திருக்கானான்னு எண்ணுங்க. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும் கட்டில் நெறையுற எடம் இருக்கு. பிரசவ வார்டுல போன மாசம் எத்தனை பிரசவம்னு கேளுங்க. பிள்ளைங்க பிரசவம் பாத்து, தானே பண்ணி, கேஸ்புக்குல எழுதித்தான் மிட்வைஃபரி பரீட்சைக்குப் போவணும். பிரசவமே நடக்காத எடத்துல கேஸ்புக்க ஒருத்தர பாத்து ஒருத்தர் எழுதுதான். அப்புறம் வேலைக்குப் போன எடத்துல லேபர் ரூம்னாலே கை நடுங்கும்.

பிள்ளைகள அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புறோம்னு சொல்லுவாக. அனுப்பட்டும், தப்பில்ல. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை வாரம், ஒரு தடவைக்கு எத்தனை பேர்னு கேளுங்க. மூணு நோயாளிக்கு ஒரு மாணவிங்கிறதுதான் முறை. நாலஞ்சு காலேஜ் பிள்ளைக ஒரே வார்டுல வந்து நின்னா ஒரு கட்டிலச் சுத்தி திருவிழாக் கூட்டந்தான். பிரஷர் பாக்கக்கூட முறை வராது.

மூணாம் வருசம், நாலாம் வருசம் பிள்ளைகள கேன்டீன்ல தனியாப் புடிச்சுப் பேசுங்க. ரெண்டே கேள்வி. ஒண்ணு, பீஸ் தவிர எதுக்கெல்லாம் காசு வாங்குதாக? (யூனிபார்ம், பஸ், பரீட்சைக் கட்டணம், ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்குக் கட்டணம், ரெக்கார்டு நோட்டுன்னு வரும்.) ரெண்டு, அசல் சர்ட்டிபிகேட்ட யாரு வச்சிருக்கா? சேரும்போது அசலக் காட்டி சரிபாத்துட்டு கையோட திரும்ப வாங்கிருங்க. அத வச்சிக்கிட்டுத்தான் பின்னாடி பாண்டு, பாக்கின்னு இழுப்பாக.

ஆலங்குளத்தான்

நன்றி தம்பி. பெங்களூரு பற்றி யாரும் சொல்லவில்லையே? புரோக்கர் ‘வகுப்புக்குத் தினமும் போக வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்’ என்றுகூடச் சொன்னார். காசு விஷயத்தையும் யாராவது விளக்கினால் நல்லது.

நாகர்கோவில்ரோடு

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தப் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வருகைப் பதிவு 80 சதவீதம் இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. செய்முறைப் பயிற்சி நேரத்தை முழுக்க, நூற்றுக்கு நூறு, முடித்தால்தான் பட்டம். போகாமலே போனதாகக் காட்டுவோம் என்பதுதான் அவர் சொல்வதன் பொருள்.

கர்நாடகத்தில் நல்ல கல்லூரிகள் நிறைய உண்டு, மொத்தமாகக் குறை சொல்ல மாட்டேன். சிக்கல் எங்கே என்றால், அங்கே படித்தவர் முதலில் அந்த மாநிலக் குழுமத்தில் பதிவு செய்து, பிறகு தமிழ்நாட்டுக் குழுமத்துக்கு மாற்ற வேண்டும். அதற்குக் கல்லூரிக்கும் படிப்புக்கும் அங்கீகாரம் ஒழுங்காக இருக்க வேண்டும். இந்திய செவிலியர் குழுமத்தின் இணையதளத்தில் மாநிலவாரியாக, படிப்புவாரியாக, ஆண்டுவாரியாகப் பட்டியல் இருக்கிறது. பிள்ளை சேர்கிற கல்வியாண்டின் பட்டியலில் கல்லூரிப் பெயர், ஊர், சீட் எண்ணிக்கை மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். போன வருசத்துப் பட்டியலைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே டிரஸ்டில் ஜி.என்.எம்முக்கு அனுமதி இருக்கும், பி.எஸ்சிக்கு இருக்காது. 60 சீட்டுக்கு அனுமதி வாங்கி 90 பேரைச் சேர்த்தால் கூடுதல் முப்பது பேர் நடுத்தெருவில். நம்ம ஊர்க் கல்லூரிகளையும் இதே மாதிரிதான் பார்க்க வேண்டும், கூடவே எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு ஆசை இப்போது இல்லாவிட்டாலும் நாளைக்கு வரும், அதனால் சொல்லி வைக்கிறேன். வெளிநாட்டுப் பதிவு அமைப்புகள் பல, எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்ற விவரத்தைப் படித்த கல்லூரியிடமிருந்தே நேராகக் கேட்கும். கல்லூரி மூடிப்போயிருந்தால் அல்லது பதிவேடு பொய்யாக இருந்தால் அந்த இடத்தில் எல்லாம் நின்றுவிடும். வளைகுடாவில், சான்றிதழ்களைக் கொடுத்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்க்கிற டேட்டாஃப்ளோவும் இதே கதைதான். சவூதியில் பி.எஸ்சி படித்தவரை ஒரு நிலையிலும் டிப்ளமா படித்தவரை அதற்குக் கீழ் டெக்னீஷியன் நிலையிலும் வைக்கிறார்கள், சம்பளமும் அதற்கேற்பத்தான். இங்கிலாந்தில் ஜி.என்.எம்முக்கும் வழி உண்டு. கணினித் தேர்வு, பிறகு அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு. ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ் தேர்வில் ஒட்டுமொத்தம் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும். ஓ.இ.டி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) என்றால் மூன்றில் பி, எழுத்தில் சி பிளஸ். ஜெர்மனிக்கு பி2 அளவு ஜெர்மன் வேண்டும். படிப்பு எதுவானாலும் தமிழ் வழிப் பிள்ளைக்கு மொழிதான் பெரிய மலை. அதை முதல் வருசத்திலேயே ஏறத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போவதென்றால் 2015 முதல் மத்திய அரசு அனுமதித்த அரசு நிறுவனங்கள் வழியாகப் போக வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் அது சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ‘விசிட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறவரை நம்ப வேண்டாம்.

கொக்கிரகுளம்

காசு விஷயம். ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். முன்னே ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் இருந்தது, 2024 டிசம்பர் கடைசியில் தூத்துக்குடியில் வைத்து, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழி படித்தவர்களுக்கும் விரித்தார்கள். உங்கள் பிள்ளை சரியாக அதில் வருகிறாள். பட்டப் படிப்புக்கு மட்டுமல்ல, பட்டயப் படிப்புக்கும் உண்டு. நாமாகத் தனியே அலைய வேண்டாம், கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்ததற்குப் பள்ளியில் இப்போதே சான்று வாங்கி வையுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பின் கல்வி உதவித்தொகை இருக்கிறது, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அம்மாவின் பீடி அடையாள அட்டை முக்கியம். நம்ம பக்கம் பல வீடுகளில் நடப்பது இது: அட்டை பாட்டி பெயரில் இருக்கும், சுற்றுவது அம்மாவாக இருக்கும். அல்லது அட்டையில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு. அப்படியே அனுப்பினால் திரும்பி வரும். பீடி ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரிப் பக்கம் போகும்போதே பெயர்த் திருத்தம் பற்றி விசாரித்துவிடுங்கள். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாரோடு இணைத்து இருக்க வேண்டும்.

எஸ்.சி, எஸ்.டி என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள். நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டுக்கு அது கிடையாது. புரோக்கர்கள் ‘ஸ்காலர்ஷிப் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லிச் சேர்த்துவிட்டு இரண்டாம் வருசம் முழுப் பீஸையும் கேட்பது இந்த இடத்தில்தான்.

கல்விக் கடன் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக. 4 லட்சம் வரை நம் பங்கு, பிணை எதுவும் இல்லை. 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. படிப்பு முடிந்து ஒரு வருசம் கழித்துத் தவணை தொடங்கும், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வங்கியில் மேனேஜர் முதலில் கேட்பது கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை. அது இருந்தால் பேச்சு சுலபம். வெறும் கல்லூரிக் கடிதத்தோடு நிர்வாக சீட்டுக்குப் போனால் இழுத்தடிப்பார்கள்.

ஆலங்குளத்தான்

அப்பா, இது எதுவும் தெரியாது. அட்டை தங்கச்சி பெயரில்தான் இருக்கிறது, இனிஷியல் பார்க்க வேண்டும். இப்போது எதற்கெல்லாம் விண்ணப்பம் போட வேண்டும்? ஒன்று போட்டால் போதுமா?

பாளைச்செவிலி

போதாது அண்ணாச்சி, பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கீழ்ப்பாக்கத்திலுள்ள மருத்துவத் தேர்வுக் குழுதான் இரண்டுக்கும் சேர்க்கை நடத்துகிறது, ஆனால் விண்ணப்பம் வேறு வேறு. பி.எஸ்சி நர்சிங், பி.பார்ம், பிசியோதெரபி எல்லாம் சேர்ந்த துணை மருத்துவப் பட்டப் படிப்புகளுக்கு ஒன்று. நர்சிங் பட்டயப் படிப்புக்குத் தனியே இன்னொன்று. ஒன்றில் போட்டால் மற்றதிலும் பெயர் வந்துவிடும் என்று நினைத்து, பி.எஸ்சி ரேங்க் எட்டாமல் போனதும் ஜி.என்.எம்முக்குத் தேதி முடிந்துவிட்டது என்று வந்து நிற்பார்கள். இரண்டும் போடுங்கள். அந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டைப் பதிவிறக்கி, தகுதிப் பக்கத்தை மட்டுமாவது முழுக்கப் படியுங்கள். விதிகளில் சின்னச் சின்ன மாற்றம் வருசா வருசம் வரும்.

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவையில் இன்றே போடுங்கள். வி.ஏ.ஓ, ஆர்.ஐ, தாசில்தார் என்று நகர்வதற்கு நாள் பிடிக்கும். விண்ணப்பத்தில் கொடுக்கிற கைபேசி எண் நெட் சென்டர்க்காரர் எண்ணாக இருக்கவே கூடாது, ஓ.டி.பி-யும் கலந்தாய்வு அழைப்பும் அவருக்குப் போய்விடும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது ஊர்ப் பக்கமே வேண்டும் என்று பாளையை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். ஜி.என்.எம்முக்குத் தூத்துக்குடி, ஆசாரிப்பள்ளம், மதுரை என்று வரிசையாகப் போடுங்கள். பி.எஸ்சிக்கு மதுரை அரசு நர்சிங் கல்லூரியை மேலே வைத்து, அதன்பின் மற்ற அரசுக் கல்லூரிகள், அதன்பின் வள்ளியூரான் சொன்ன மாதிரி போய்ப் பார்த்த தனியார் கல்லூரிகள் மட்டும். ஹாஸ்டல் என்றால் தயங்குவீர்கள் என்று தெரியும். நைட் டூட்டி போஸ்டிங் வரும்போது ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் போய் வர முடியாது, எப்படியும் ஹாஸ்டல்தான்.

காத்திருக்கிற நாளில் பிள்ளை இரண்டு வேலை செய்யட்டும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி முதல் ஊசியை இப்போதே போட்டுவிட்டால் ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது முடிந்துவிடும். வார்டில் தவறுதலாகக் கையில் ஊசி குத்திக்கொள்வது புதுப் பிள்ளைகளுக்கு நடக்கக்கூடியது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஓரிரு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்தால் 10-க்கு மேல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, உடற்கூறியல் சொற்களையும் கணக்கையும் ஆங்கிலத்தில் பழகுவது. தமிழ் வழிப் பிள்ளைகள் முதல் வருசம் தவறுவது பாடம் புரியாமல் அல்ல, எழுதத் தெரியாமல். தினம் பத்துச் சொல், எழுத்துப் பிழை இல்லாமல். கணக்குக்கு ஒரு மாதிரி தருகிறேன்: 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஏற்றுகிற குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000, அதை 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு, அதில் இதே 42-ஐ வைத்தால் மருந்து மூன்று மடங்கு மெதுவாகப் போகும். எந்த செட் என்று கவரைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கே போட வேண்டும்.

ஆலங்குளத்தான்

இரண்டு விண்ணப்பமும் போடுகிறோம் அக்கா. ஏ.என்.எம்முக்கும் ஒரு கை பார்த்து வைக்கலாமா, எதுவும் கிடைக்காவிட்டால்?

பாளைச்செவிலி

68-க்கு இரண்டில் ஒன்று கிடைக்க வாய்ப்பிருக்கிறது, ஆனால் கட்-ஆஃப் வருசத்துக்கு வருசம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் பிரிவு மாறும். முதல் சுற்றில் வராவிட்டால் பதற வேண்டாம். மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல் பக்கம் சீட் கிடைத்தவர்கள் விலகியதும் அடுத்த சுற்றுகளில் பி.எஸ்சி நர்சிங் இடங்கள் காலியாகும். அதுவரை புரோக்கரிடம் அட்வான்ஸ் கொடுத்து எந்த சீட்டையும் பிடித்து வைக்காதீர்கள், அந்தப் பணம் திரும்ப வராது. எல்லாச் சுற்றும் முடிந்தும் இல்லை என்றால், அங்கீகாரப் பட்டியலில் உள்ள, நோயாளி நிறைந்த மிஷன் ஆஸ்பத்திரி ஏதாவது ஒன்றில் ஜி.என்.எம். ஏ.என்.எம் அதற்கும் பிறகு.